ஞாயிறு மாலை, நாலரை மணி

கைபேசியைக் குழம்புச் சட்டியில் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். ஸ்பீக்கர் போட்டாகிவிட்டது.

அவன் வஞ்சிரத் துண்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். முள் எப்போதோ எடுத்தாகிவிட்டது.

மறுமுனையில் டிசோசா. பெங்களூரை அடுத்த நந்தி மலைக்குப் பின்னால் நாலு ஏக்கர் திராட்சை, ஒரு கொட்டகை, ஒரே ஒரு மேசை. ஒயின் செய்வதும் அவரே, ஊற்றுவதும் அவரே. முன்பதிவு இல்லாமல் முதலமைச்சரே வந்தாலும் கேட் திறக்காது என்று கேள்வி.

இந்த ஓர் அழைப்புக்காக வெற்றிச்செல்வன் பொங்கலிலிருந்து காத்திருந்தார். அவன் மனைவி தேன்மொழியின் அண்ணன். அவனுக்கு மச்சான்.

அவருக்கு ஐம்பது வயதாகப்போகிறது. தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் பிறந்தநாள் பரிசு இது. அவர் ருசிப்பதைப் பார்க்கக் குடும்பமும் கூட வர வேண்டும்.

கொஞ்ச காலமாகவே அந்த வீட்டில் எதையும் சும்மா குடிக்க முடிவதில்லை. மோரைச் சுழற்றுவார். ரசத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். கண்ணை மூடி, மழை பெய்த மண்ணின் வாசம் வருகிறது என்பார்.

வருவது பெருங்காயம்.

டிசோசா கறாராகப் பேசினார். ஞாயிறு மாலை நாலரை. அது ஒன்றுதான் காலி. மேசையில் உட்காரும் ஒவ்வொருவரும் குடிக்க வேண்டும். வேடிக்கை பார்க்க லால்பாக் பூங்கா இருக்கிறது. பெயரைச் சொல்லி, குடிப்பேன் என்று ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்.

பதவிப் பிரமாணம் மாதிரி இருந்தது.

மாமனார் எழுந்து நிற்காத குறையாகச் சொன்னார். வெற்றிச்செல்வனின் மனைவி பிரபாவதி, ரெண்டு வாய்தான் என்ற நிபந்தனையோடு சொன்னாள்.

அடுத்து அவன்.

போன வருஷம் அவன் ஆபீஸ் பயிற்சிக்காகப் புனேயில் தங்கியிருந்ததாக இந்த வீடு நம்பிக்கொண்டிருக்கிறது. அவன் இருந்தது குடியை நிறுத்தும் மருத்துவமனையில். தேன்மொழிக்கு மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு ஒரு சொட்டு கிடையாது.

மாட்டேன் என்றால் ஏன் என்பார்கள். கேட்டால் விடுகிற குடும்பம் இல்லை.

சரி என்றால், ஒரு வாய். அந்த ஒரு வாய் தன்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"என்ன மாப்பிள்ளை, வாய்ல கொழுக்கட்டையா?" என்றார் மாமனார்.

சரி என்று சொல்ல வாயைத் திறந்தான்.

வெற்றிச்செல்வன் அவனைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேன்மொழியின் விரல்கள் சோற்றுக்குள் அப்படியே நின்றிருந்தன. அவள் தலை நிமிரவில்லை.

ரசத்தைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

அவர் கைபேசிப் பக்கம் குனிந்தார்.

"மன்னிக்கணும் சார். ஞாயிறு நாலரை ராகு காலம். அந்த நேரத்துல நாங்க எதையும் தொடங்கறதில்ல."

டிசோசாவுக்குத் தமிழ் தெரியும். ஆனாலும் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், இனி இந்த நம்பரிலிருந்து அழைக்க வேண்டாம், எப்போதுமே வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.



"என்னது?" என்றாள் பிரபாவதி. "கல்யாணத்தையே ராகு காலத்துலதான் வைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்ன ஆளுங்க நீங்க. எங்கம்மா அன்னிக்கு அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்."

"பகுத்தறிவு சொல்லிச் சொல்லி வளத்தேன்டா," என்றார் மாமனார். சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. "குடிக்கறதுக்கு நல்ல நேரம் பாத்த மொத ஆளு நீதான்டா!"

"அம்பது வந்தா பயமும் வரும் மாமா," என்றாள் பிரபாவதி. "அடுத்து திருநள்ளாறுதான்."

"எள்ளு விளக்கு என் செலவு."

வெற்றிச்செல்வன் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தார். மைக் கிடைத்தால் விடாத மனிதர். எந்தக் கேள்விக்கும் மூன்று பதில் வைத்திருப்பவர்.



அவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னால், அவர் செய்ததெல்லாம் வீணாகிவிடும்.

தேன்மொழி தன் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து அண்ணன் தட்டில் வைத்தாள்.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். மீன் என்றால் செவுளைப் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும், இந்தப் பெங்களூரில் பாதிப் பேருக்கு அது தெரியாது, மீதிப் பேருக்குத் தெரிந்தது தப்பு என்று ஆரம்பித்தார்.

பிரபாவதி தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். மாமனாருக்கு அவசரமாக மாத்திரை ஞாபகம் வந்தது.

வழக்கமாக அவனும் இந்த இடத்தில்தான் கைகழுவப் போவான்.

"எப்படிப் பாக்கணும், மச்சான்?" என்று கேட்டான்.

நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான்.