வலிக்காத பல்

ஒல்லாந்துக் கப்பல் துரைக்கு வலித்தது வலப்பக்கப் பல். குப்பத்தில் பல் பிடுங்கும் தேசப்பன் பிடுங்கியதோ இடப்பக்கத்து நல்ல பல். சேதி கேட்டு அவன் பெண்டாட்டி இருசம்மாள் பழவேற்காட்டுக் கோட்டைக்கு ஓடினாள். அங்கே சிப்பாய்கள் அவனைத் தூணில் கட்டியிருந்தார்கள்.

"கை தவறிடுச்சுன்னு கால்ல வுழுந்துடுய்யா!" என்று கதறினாள்.

"நான் புடுங்கினதுதான் சொத்தை. தப்பே நடக்கல."

"தப்புன்னு ஒத்துக்கினு, வலிக்கிற பல்லைப் புடுங்கு. துரை விட்டுடுவாரு," என்று துரையின் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷியும் கெஞ்சினார்.

தேசப்பன் மசியவில்லை. கசையடி விழுந்தபோதும் அதையே சொன்னான். வலி தாங்காத துரை அபின் தின்று படுத்துவிட, அன்று கப்பல் கிளம்பவில்லை.

சாயங்காலம் சிப்பாய்கள் அவனை அவிழ்த்துவிட்டார்கள். குடிசையில் அவன் முதுகுக்கு எண்ணெய் போடும்போது இருசம்மாளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"அப்படி இன்னாய்யா வீம்பு உனக்கு?"

"வலிக்கிற பல்லைப் புடுங்கியிருந்தா துரை காலையிலயே கப்பலேறியிருப்பான். கிடங்குல அடைச்சிருந்த அடிமைங்களோட உன் தங்கச்சியையும் ஏத்தினு போயிருப்பான். சுவரைக் குடைய நம்ம ஆளுங்களுக்கு ஒரு பகல் வேண்டியிருந்துச்சு."

அவள் கை அப்படியே நின்றது.

"செல்வம்மா...?"

"இந்நேரம் படகு அக்கரை சேர்ந்திருக்கும், புள்ள."