துடைக்காத எண்ணெய்

மாலை வெயிலில் பைக்கின் சங்கிலி ஈரமாக மினுங்குகிறது. "நேத்து நீங்க எண்ணெய் போட்டதுலேருந்து சத்தமே இல்லண்ணே," என்று பட்டறை வாசலில் நின்று நர்ஸ் வாயாரப் புகழ்கிறாள். மெக்கானிக்கின் கண் அவளுடைய வெள்ளைப் பேண்ட்டில் நிற்கிறது. இடது காலில், முழங்கால்வரை கருப்புப் புள்ளிகள். சங்கிலிக்கு எண்ணெய் விட்டால், ஓடும்போது காலில் தெறிக்காமலிருக்க மிச்சத்தைத் துடைத்த பிறகுதான் வண்டியைக் கொடுக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் அவன். நேற்று ஷட்டரை இறக்கும் அவசரத்தில் துணியைத் தொடவே இல்லை. "காலையில எவனோ சேத்தை அடிச்சிட்டுப் போயிட்டான், நாசமாப் போறவன். சோப்புப் போட்டும் போகல. வார்டு முழுக்க இதோடதான் நடந்தேன்," என்று அவள் பேண்ட்டைக் காட்டுகிறாள். அவனுக்குக் காது மடல் சுடுகிறது. "ரோடு அப்படிம்மா," என்கிறான். ஆணியில் தொங்கும் துணியை எடுத்து, அழுக்கே இல்லாத கைகளைத் துடைத்துக்கொண்டே இருக்கிறான்.