எட்டடிக் குழாய்

"கடலுக்குள்ள போய்க் கேக்குற ஆளை நான்தான் பொறுக்குவேன். உங்க ஆளை நீங்களே அனுப்பினா அது போட்டியே இல்லை," என்றார் வேல்ராஜ்.

பாம்பன் கடற்கரையில் கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வேல்ராஜ் மதுரைக் கம்பெனி ஒன்றின் இன்ஜினியர். வேனிலிருந்து அவர் இறக்கிய ஸ்பீக்கர் அடுக்கு ஆயிரம் வாட்ஸ். அதற்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி எட்டடி நீள வெள்ளைக் குழாய் ஒன்று கட்டைகளின் மேல் கிடந்தது. பேச்சு நுழையும் தொண்டை உள்ளங்கை அகலம். கடல் பக்கத்து வாய்க்குள் ஓர் ஆள் குனிந்து நுழையலாம். ரேடியோ செட் கடை நடத்தும் ஆஸ்லின், படகு கட்டும் ஃபைபரில் தன் கையாலேயே வார்த்து, தொண்டையில் நாற்பது வாட்ஸ் ஸ்பீக்கர் ஒன்றைப் பொருத்தியது.

போன கார்த்திகையில் திடீரென்று காற்று திரும்பியபோது, "கரைக்கு வாங்க" என்று மைக்கில் தொண்டை கிழியக் கத்தினார்கள். கடலில் இருந்தவர்களுக்கு ஏதோ திருவிழா இரைச்சலாகத்தான் கேட்டது. வல்லம் என்கிற நாட்டுப்படகு ஒன்று கவிழ்ந்தது. அற்புதம்மாளின் மகன் திரும்பி வரவில்லை. அதன்பிறகுதான் கரையில் எச்சரிக்கைக் கருவி வைப்பதென்று ஊர்க் கமிட்டி முடிவெடுத்தது. எதை வைப்பதென்று இன்று தெரிந்துவிடும்.

"ஏம்மா, நாப்பது வாட்ஸை வச்சுக்கிட்டா எங்கூடப் போட்டிக்கு வந்தே?"

"சத்தம் வேற, சொல்லு வேற சார்," என்றாள் ஆஸ்லின். "குழாய் பையப் பைய விரிஞ்சாத்தான் பேச்சு ஒடையாமப் போகும். உங்களுது சத்தத்தை அனுப்பும். இது பேச்சை அனுப்பும்."

வேல்ராஜ் சிரித்தார். கமிட்டித் தலைவர் சகாயவினோத், "எங்க ஆளு ஜெயபாலை அனுப்பலாம்னு இருந்தோம்..." என்று இழுத்தார்.

"அதான் வேணாங்கிறேன்."

வேல்ராஜின் கண்கள் கரையை அலசின. இந்தக் கூட்டத்தோடு சேராமல், தள்ளி உட்கார்ந்து ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். வேல்ராஜ் நேராகப் போய் அவர் கையைப் பிடித்து எழுப்பினார்.

"இவர் பேரு?"

"மரியதாஸ். சார், அவரு வேணாம். அவருக்கு..." என்று பதறினார் சகாயவினோத்.

"பாத்தீங்களா, இப்ப ஏன் பதறுறீங்க? யாரும் இவரோட ஒரு வார்த்தை பேசக் கூடாது. இவர்தான் போறார். இல்லேன்னா நான் செட்டை வேன்ல ஏத்துறேன்."

சகாயவினோத் ஆஸ்லினைப் பார்த்தார். அவள் முகம் வெளிறியிருந்தது. குழாயை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "சரி சார். அவரே போகட்டும்," என்றாள்.

வேல்ராஜே ஒரு தாளில் ஒன்றிலிருந்து இருபது வரை எண் போட்டு, 'கேட்கும் வார்த்தையை எழுதவும்' என்று மேலே எழுதி நீட்டினார். மரியதாஸ் படித்துப் பார்த்துத் தலையாட்டினார். சாட்சிக்குத் தன் உதவியாளன் பர்வேஸையும் வல்லத்தில் ஏற்றிவிட்டார் வேல்ராஜ். "நீயும் வாயைத் திறக்காதே."

ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி வல்லம் நின்றது. இன்ஜினை அணைத்ததும் பர்வேஸ் 'தயார்' என்று சிவப்புத் துணியை அசைத்தான்.

பள்ளிக்கூட டீச்சர் இருபது வார்த்தைகள் எழுதித் தந்திருந்தார். வலை, அலை, தலை, மலை, விலை என்று எல்லாம் ஒரே ஓசை. இரண்டு கருவியிலும் சகாயவினோத்தே வாசித்தார்.

முதல் பத்து வார்த்தைகள் ஆயிரம் வாட்ஸில். கரை அதிர்ந்தது. நாய்கள் தெருவுக்குள் ஓடின.

அடுத்த பத்து, குழாயில். பின்னால் நின்றவர்களுக்குச் சாதாரணப் பேச்சாகத்தான் கேட்டது. "இது கரையோரப் பாறையைக்கூடத் தாண்டாது போல," என்றார் வேல்ராஜ். ஆஸ்லின் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வல்லம் திரும்பியது. தாளைப் பிரித்த சகாயவினோத் வாசிக்கத் தொடங்கினார்.

"மொதப் பத்து... அலை, அலை, அலை, தலை, அலை..." அவர் நிறுத்திவிட்டு டீச்சர் தந்த தாளோடு ஒத்துப் பார்த்தார். "ரெண்டு சரி."

"அடுத்தது?"

"வலை, மலை, விலை, இலை..." அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. "பத்துக்கு எட்டு."

வேல்ராஜ் பர்வேஸிடம் திரும்பினார். "நீ எதாவது சொல்லிக்கொடுத்தியா?"

"இல்ல சார். அவரும் பேசல, நானும் பேசல. நம்ம செட்டுல எனக்கே அஞ்சுதான் புரிஞ்சுது. அந்தக் குழாய்ல பத்தும் காதுக்குள்ள சொன்ன மாதிரி இருந்துச்சு. இவரு ஏன் ரெண்டை விட்டாருன்னுதான் தெரியல."

சகாயவினோத் குழாயின் மேல் கையை வைத்தார். "இனி இது எங்க கரையில இருக்கும்."

கைதட்டல் அப்போதுதான் கிளம்பியது. அற்புதம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஆஸ்லினின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். வல்லத்தை மணலில் ஏற்றிவிட்டு வந்த மரியதாஸ், எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று புரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

வேல்ராஜ் தொப்பியைக் கழற்றினார். "தோத்துட்டேன்மா. உன் குழாயோட அளவை எனக்கும் சொல்லித்தா. ஆனா ஒண்ணு கேக்கணும். இவ்வளவு நேர்மையான மனுசனை ஏன் வேணாம்னீங்க?"

ஆஸ்லின் முதன்முறையாகச் சிரித்தாள்.

"முப்பது வருசமா இஞ்சின் பக்கத்துலயே ஒக்காந்து அவருக்கு ரெண்டு காதும் முக்காவாசி போயிருச்சு சார். பக்கத்துல நின்னு பேசுனாலே பாதிதான் விளங்கும்."