கண்ணீர் போதவில்லை

"கதை நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா இதுல உங்களை யாருமே அவமானப்படுத்தலையே?"

பத்திரிகை ஆசிரியர் தாள்களை மேஜைமேல் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த நர்ஸை ஏமாற்றத்தோடு பார்த்தார்.

யார் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவது என்று ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, அதற்குள் மழை கட்டில்வரை வந்துவிடுகிற கதை அது. படிக்கும்போது ஆசிரியரே இரண்டு இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்துத் தொலைத்துவிட்டோமே என்று இப்போது அவர்மேலேயே அவருக்குக் கோபம்.

"அன்னிக்கு யாரும் அவமானப்படுத்தல சார். லீவு நாள். வீட்லதான் இருந்தோம்."

நர்ஸின் இனத்தார் அந்த ஊருக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. ஊர் இன்னமும் 'எப்போ வந்தீங்க, எப்போ கிளம்பறீங்க?' என்றுதான் அவர்களைக் குசலம் விசாரிக்கிறது. இந்த அநியாயத்தைப் பேனாவால் எதிர்த்தே தீருவது என்று ஆசிரியர் 'இனவெறி எதிர்ப்புச் சிறப்பிதழ்' அறிவித்திருந்தார். அறிவித்த பிறகுதான், அதில் எழுத அந்த இனத்தில் ஓர் ஆளாவது வேண்டுமே என்று உறைத்தது. தேடிப் பிடித்தது இந்த நர்ஸை. அவளுக்கோ, தான் எழுதிய ஒரு கதையையாவது அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று கொள்ளை ஆசை.

"இது போராட்டம்மா! படிக்கிறவனுக்கு ரத்தம் கொதிக்க வேணாமா? நீங்க பாட்டுக்கு ஜன்னலைச் சாத்திக்கிட்டு இருக்கீங்க."

"நாங்களும் எல்லாரையும் மாதிரி ஜன்னலுக்குச் சண்டை போடறவங்கதான்னு சொல்றதும் போராட்டம்தானே சார்?"

"இருக்கலாம். ஆனா கண்ணீர் போதல. ஒருத்தன் உங்களைக் கேவலமாத் திட்டணும். நல்லா நாலு வசவு போடுங்க."

"அந்த வார்த்தையெல்லாம் எங்க வீட்ல வாயால சொல்ல மாட்டோம் சார். எனக்கு எழுத வராது."

"அவ்வளவுதானே? நான் சொல்றேன், கேட்டுக்கோங்க."

அவளுக்கு டீ வரவழைத்தார். அவள் குடிக்கக் குடிக்க, அவள் இனத்தாரைத் திட்டுகிற வார்த்தைகளை அவள் முகத்தைப் பார்த்து, புன்னகை மாறாமல், ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். நிறத்தைச் சொன்னார், மூக்கைச் சொன்னார், அவளைப் பெற்றவளைக்கூட விட்டுவைக்கவில்லை. யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. அவற்றை இங்கே எழுதினால் இந்தப் பக்கமே நாறிவிடும்.

"எப்படி சார் இவ்வளவும் ஞாபகம் வச்சிருக்கீங்க?"

"சின்ன வயசுலேர்ந்து எங்க வீட்ல பேசறதுதானேம்மா," என்றார் அடக்கமாக. "எது வேணுமோ எடுத்துக்கோங்க."

நர்ஸ் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பாவம், உடம்பு சரியில்லையோ என்னமோ என்று ஆசிரியர் கவலைப்பட்டார்.

அடுத்த வாரமே புதுக் கதை வந்து சேர்ந்தது. ஆசிரியர் ஒரே மூச்சில் படித்தார்.

ஒரு பெண் வேலை கேட்டு ஒரு பெரிய மனிதரின் ஆபீஸுக்குப் போகிறாள். அவர் உட்காரச் சொல்லி, டீ கொடுத்து, சிரித்த முகமாக அவளைக் கேவலமாகத் திட்டுகிறார். கடைசியில் தான் பேசியது என்ன என்று உறைக்க, கூனிக் குறுகி அவளிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடப்பாவி! டீயும் வாங்கிக் குடுத்துட்டுத் திட்டறான் பாருய்யா! இவனெல்லாம் ஒரு மனுஷனா?"

நர்ஸ் வந்த அன்றைக்கும் அதே அறையில் உட்கார்ந்திருந்த உதவி ஆசிரியருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

சிறப்பிதழின் முதல் கதையாக அதுதான் வந்தது. பாராட்டு வந்து குவிந்தது. பாதிக்குமேல் ஆசிரியருக்கு. இப்படியொரு கதையைத் துணிந்து வெளியிட்ட மாமனிதர் என்று மேடையேற்றிப் பொன்னாடையும் போர்த்திவிட்டார்கள். அவர் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே நர்ஸுக்குப் போன் போட்டார்.

"பிரமாதம்மா! இதைத்தான் நான் அன்னிக்கே கேட்டேன். ஆனா ஒண்ணு, போற எடத்துலெல்லாம் என்னைத் துளைச்செடுக்கறாங்க. இது நெஜமா நடந்ததா, இல்ல கற்பனையா?"

"நடந்ததுதான் சார்," என்றாள் நர்ஸ். "அவர் வெக்கப்பட்டு மன்னிப்புக் கேக்கற எடம் மட்டும்தான் என் கற்பனை."