இருபத்தேழாம் நம்பர் தயிர்

"பொய் சொல்லாதீங்க தேவானை. லேப் தயிரை நீங்க வீட்டுக்கு எடுத்துட்டு வந்தீங்களா, இல்லையா?"

பட்டினப்பாக்கம் வீட்டு வாசலில், முழங்கால் வரை நனைந்த புடவையோடு நின்றார் பேராசிரியர் ஹம்சா. மூன்று நாளாகக் கொட்டிய மழை அன்று காலையில்தான் விட்டிருந்தது. இந்தச் சேற்றில் அடையாறிலிருந்து இவர் கிளம்பி வந்திருக்கிறார் என்றால் விஷயம் சின்னதில்லை.

"இன்னா மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? ஆறு வருசமா உங்க லேப்ல பாட்டில் கழுவுறேன். ஒரு துண்டு பஞ்சு எடுத்திருப்பனா?"

ஹம்சாவுக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் 'தயிர் மேடம்'. நுண்ணுயிர்ச் சூழலியல் படித்த மற்றவர்களெல்லாம் கடலுக்கும் சாக்கடைக்கும் போனபோது, இவர் மயிலாப்பூரில் வீடு வீடாகப் போய் உறைமோர் கேட்டார். ஒரு சொட்டு மோரில் எந்தக் கிருமி எதோடு குடித்தனம் நடத்துகிறது, எது எதைத் துரத்துகிறது என்று பதினான்கு வருஷம் பார்த்தார். ஆரம்பத்தில் சிரித்தவர்கள் இப்போது வெளிநாட்டிலிருந்து கூப்பிடுகிறார்கள். எல்லாம் அந்த இருபத்தேழாம் நம்பர் பாட்டிலால் வந்த பெருமை. அந்த மோரைக் கொடுத்த வீடு இடிந்து அடுக்குமாடி ஆகிவிட்டது. கொடுத்த அம்மாளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அதே பாட்டிலில்தான் தேவானை கை வைத்திருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், கழுவப் போட்டதன் அடியில் ஒரு கரண்டி தயிர் ஒட்டியிருந்தது. கத்திரி வெயிலிலும் புளிக்காத தயிரைக் கொட்ட யாருக்கு மனசு வரும்?

ஆனால் லேப்பிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது. காலி பாட்டில் ஒன்றைக் கொண்டுபோன தங்கவேலுவைப் போன வருஷம் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கதி தனக்கு வந்தால் மகள் அன்புச்செல்வியின் நர்சிங் படிப்பு பாதியில் நிற்கும். தலையே போனாலும் ஒப்புக்கொள்வதில்லை என்று தேவானை பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"போன மாசம் உங்க டிபன் பாக்ஸிலிருந்து ஒரு வாய் தயிர்சாதம் குடுத்தீங்க. அந்த ருசி எனக்குத் தெரியாதா?"

"அது பாக்கெட் தயிரு மேடம். இப்ப அதுவும் இல்ல. மூணு நாளா இங்க கரண்டே கெடையாது."

"அங்கயும்தான்" என்றார் ஹம்சா. குரல் ஒரு மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டார். "நான் உள்ள வந்து பார்க்கணும்."

தேவானை முந்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அலமாரியில் தட்டு போட்டு மூடிய கிண்ணம் இருந்தது. அதை எடுத்தாள். கொட்டிவிட்டால் சாட்சி ஏது? மூலையிலிருந்த சாக்கடைத் துவாரத்துக்கு மேலே கிண்ணத்தைச் சாய்த்தாள்.

பின்னாலேயே வந்த ஹம்சா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் ரெண்டு உடைந்து விழுந்தன.

தேவானைக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு கரண்டிதான் மேடம். கழுவப் போட்டதுல ஒட்டிக்கினு இருந்துச்சு. மூணு வருசமா அதையே ஒறை ஊத்திக்கினு வரேன். வேலைய மட்டும் புடுங்கிடாதீங்க."

ஹம்சா கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினார். சுத்தமான ஸ்பூனால் துளி எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பிறகு பைக்குள்ளிருந்து சின்னக் கண்ணாடிப் பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"லேப்ல வெள்ளம் புகுந்து, ஃபிரிட்ஜெல்லாம் நின்னு, பதினாலு வருஷமும் கெட்டுப்போச்சு தேவானை. நீங்க திருடியிருக்கணுமேன்னு வழியெல்லாம் கபாலியை வேண்டிண்டே வந்தேன். ஒரு கரண்டி உறைமோர் குடுங்க."