மலையேற முழுத் தகுதி

"எந்தப் புண்ணியவான் இதுல கையெழுத்துப் போட்டது?"

வழிகாட்டி அந்த மருத்துவச் சான்றிதழை, செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

தங்குகூடத்தின் சிமென்ட் மேடையில் அவள் குழுவின் பதினேழாம் நம்பர் யாத்ரீகர் மல்லாந்து கிடந்தார். நாலு நாள் நடை, ஏழு மலை, மலைக்கொரு சன்னிதி. முதல் மலைப் பிள்ளையாரிடமே அவருக்கு மூச்சு வாங்கியது. இரண்டாம் மலைக் குகையில் லிங்கத்தைக் கும்பிடக் குனிந்தவரை இரண்டு பேர் சேர்ந்து நிமிர்த்தினார்கள். இது மூன்றாம் மலை, அம்மன் சுனை. இதற்கு மேல் அடர்ந்த காடு. டோலி தூக்குகிறவர்கள்கூட வரமாட்டார்கள்.

"இதயம் நார்மல். ரத்த அழுத்தம் நார்மல். மலையேற முழுத் தகுதி." உரக்கப் படித்தாள். "எல்லாரும் கேட்டுக்கங்க!"

கூடமே சிரித்தது.

"ஆளைப் பார்க்காம போட்டோவைப் பார்த்து எழுதியிருப்பார். அதுவும் கல்யாண போட்டோ" என்றார் குழுவில் வந்திருந்த ஒரு டிரைவிங் ஸ்கூல்காரர். "ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவனுக்கு சரின்னு கையெழுத்துப் போட எனக்கே கை நடுங்கும். இந்தாளுக்கு என்ன தைரியம் பாருங்க!"

"நல்ல டாக்டர்ங்க" என்று படுத்தபடியே முனகினார் பதினேழு. "கைராசிக்காரர். தெரியாம பேசாதீங்க."

"உங்களை டெஸ்ட் பண்ணினாரா?" என்றாள் வழிகாட்டி.

"பண்ணினார்."

"எப்போ? கனவுலயா?" துண்டால் விசிறிக்கொண்டிருந்த அவர் மனைவி வாயைத் திறந்தாள். "நானும் பக்கத்துலதானே நின்னேன். அந்த மகராசன் நாடிகூடப் பிடிச்சுப் பார்க்கல. பேனாவைத் திறந்தாரு, எழுதினாரு, மூடினாரு. டீ ஆறுறதுக்குள்ள வேலை முடிஞ்சுது."

"நீ சும்மா இரு."

"ஏன் சும்மா இருக்கணும்? எங்க அண்ணனுக்கு லேசா பிரஷர்னு இதே டாக்டர் மூணு தடவை திருப்பி அனுப்பினாரு. 'மலை எங்கயும் போயிடாது, நீங்க போயிடுவீங்க'ன்னு முகத்துக்கு நேரா சொன்னாரு. ஊருக்கெல்லாம் அவ்வளவு கறார். உங்க விஷயம்னா மட்டும் உருகிடறாரு!"

வழிகாட்டிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. போன வருஷம் இப்படித்தான் ஒரு 'முழுத் தகுதி' ஐந்தாம் மலையில் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது. போர்வையில் தூளி கட்டி ஆறு மணி நேரம் இறக்கினார்கள். அடிவாரம் வந்தபோது உயிர் இல்லை. காகிதத்தை நம்பினேன் என்று அவள் விசாரணையில் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. இன்னொன்று நடந்தால் அவளுடைய அனுமதி அட்டை போய்விடும்.

"ஐயா, அந்தச் சுனை வரைக்கும் நடந்து காட்டுங்க. இருபது அடிதான்."

பதினேழு எழுந்தார். நாலாவது அடியில் தூணைக் கட்டிக்கொண்டார். மனைவி ஓடிப்போய்த் தாங்கி வந்து படுக்க வைத்தாள்.

"இறங்கிடுங்க ஐயா. நான் ஆள் அனுப்பறேன்."

"முடியாது. உச்சியில முருகனைப் பார்க்காம இறங்க மாட்டேன். பேப்பர் இருக்கு. நீங்க தடுக்கக் கூடாது, தெரியுமில்ல?"

தெரியும். அதுதான் அவளுக்கு எரிந்தது. சான்றிதழ் உள்ளவரை வழிகாட்டி தன் இஷ்டத்துக்கு இறக்கக் கூடாது. எழுதிக் கொடுத்த டாக்டரே வேண்டாம் என்றால்தான் இறக்கலாம்.

"பேப்பரா மலை ஏறப்போகுது? நீங்கல்ல ஏறணும்!"

காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தது. சீல் நேற்றைய மழையில் ஊதாக் கறையாகியிருந்தது. மேலே கிளினிக்கின் ஃபோன் நம்பர் மட்டும் தப்பியிருந்தது.

"ஃபோனெல்லாம் எதுக்கு?" பதறினார் பதினேழு. "பேஷண்ட் பார்க்கற நேரம். தொந்தரவு பண்ணாதீங்க."

"போடுங்கம்மா, நல்லாப் போடுங்க" என்றாள் மனைவி. துண்டு இன்னும் வேகமாகச் சுழன்றது.

ஜன்னல் மூலையில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று ஸ்பீக்கரில் போட்டாள் வழிகாட்டி. அந்த டாக்டர் அசடு வழிவதை எல்லோரும் கேட்கட்டும்.

மறுமுனையில் ஒரு நர்ஸ் எடுத்தாள்.

"உங்க டாக்டர்கிட்ட குடும்மா. முழுத் தகுதின்னு ஒருத்தரை மலைக்கு அனுப்பியிருக்காரே, அவர் இங்க கரையில விழுந்த மீன் மாதிரி வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடக்கார். வேண்டாம்னு டாக்டர் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், இப்பவே ஆளை இறக்கிடறேன்."

"டாக்டர் இல்லீங்களே. நாலு நாள் லீவு. அவரும் அந்த மலைக்குத்தான் வந்திருக்கார்." நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். ஸ்பீக்கர் தாழ்த்தவில்லை. "வேற டாக்டர் யார்கிட்டயும் உடம்பைக் காட்டமாட்டேன்னு தன்னோட சர்டிபிகேட்டைத் தானே எழுதிக்கிட்டாருங்க. நான்தான் சீல் குத்தினேன்."

வழிகாட்டி ஃபோனை அணைத்தாள். நேரே பதினேழாம் நம்பரின் தலைமாட்டுக்கு வந்து, மிகுந்த மரியாதையுடன் கைகட்டி நின்றாள்.

"சொல்லுங்க டாக்டர். இந்தப் பேஷண்டை இறக்கிடலாமா?"