ஆறாவது குறிப்பு

"வாராவாரம் சுற்றறிக்கை வருது. ஒருத்தராவது படிக்கிறீங்களா? கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போடுறீங்க!" வெள்ளிக்கிழமை, புது அறிக்கையை நீட்டியபடியே தலைமையாசிரியர் ஆசிரியர்களைக் காய்ச்சி எடுத்தார்.

திங்கள் காலை. ஆய்வு அதிகாரியின் கார் பள்ளி வாசலில் வந்து நின்றது. வகுப்புகளில் பிள்ளைகள் போட்ட கூச்சல் காதைப் பிளந்தது. ஆசிரியர் ஒருவரைக்கூடக் காணோம். தலைமையாசிரியர் நிலைகொள்ளாமல் நடந்தபடி கணக்கு ஆசிரியருக்குப் போன் போட்டார்.

"எங்கய்யா போய்த் தொலைஞ்சீங்க எல்லாரும்?"

"பயிற்சிக்கு வந்திருக்கோம் சார். மண்டபம் பூட்டிக் கிடக்கு. அறிக்கையில ஆறாவது குறிப்புல நீங்கதானே வரச் சொல்லியிருந்தீங்க? இந்த வாட்டி வரி விடாம படிச்சோம் சார்."

தலைமையாசிரியர், தட்டச்சு செய்யும் அம்மாளிடம் பாய்ந்தார். "அந்த ஆறாவது குறிப்ப யாரு போட்டது?"

"போன வருஷ அறிக்கையில தேதிய மட்டும் மாத்தச் சொன்னீங்க, மாத்தினேன். நீங்க படிச்சுட்டுத்தானே சார் கையெழுத்துப் போட்டீங்க?"